ஒரு யூனியன் காலாட்படை ரெஜிமெண்டின் போர்க்கால வரலாற்றைத் தொகுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பில், அதாவது யூனியன் படையில் இருந்த ஒரு காலாட்படை ரெஜிமெண்டை எடுத்துக்கொண்டு, அது சேர்ந்த நாளிலிருந்து கலைந்த நாள் வரை எங்கே இருந்தது, என்ன செய்தது, யார் யாரை இழந்தது என்று நீங்களே தொகுக்க நினைத்தால் எந்த வரிசையில் போக வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். மெய்ன் மாநிலத்தின் 20ஆம் காலாட்படை ரெஜிமெண்டுக்கு, சுருக்கமாக 20ஆம் மெய்னுக்கு, இதை முழுதாகச் செய்து பார்த்தேன். அப்புறம் வேறு ரெஜிமெண்டுகளை எடுத்த சிலரோடு உட்கார்ந்து உதவியபோது, எல்லோரும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் தடுக்கி விழுந்தார்கள். அதனால் உதாரணங்களும் பெரும்பாலும் 20ஆம் மெய்னிலிருந்தே வரும்.

முதல் தடுமாற்றம், புகழ்பெற்ற சண்டையிலிருந்து தொடங்குவது. 20ஆம் மெய்ன் என்றதும் கெட்டிஸ்பர்க், லிட்டில் ரவுண்ட் டாப் குன்று, 1863 ஜூலை 2 என்று எல்லோரும் அங்கேதான் ஓடுகிறார்கள். அது ஒரே ஒரு மாலை. ரெஜிமெண்ட் சேவையில் இருந்ததோ ஆயிரத்துக்கும் அதிகமான நாட்கள். அந்த ஆயிரம் நாளுக்கும் கணக்கு வைப்பதுதான் வேலை. சண்டைக் கதை அந்தக் கணக்குக்குள் தன் இடத்தில் வந்து உட்காரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு விரிதாள் திறந்துகொள்ளுங்கள். தேதி, இடம், என்ன நடந்தது, அன்று ரெஜிமெண்டுக்குத் தலைமை யார், மேலே எந்தப் பிரிகேடு (சில ரெஜிமெண்டுகள் சேர்ந்த படைப்பிரிவு), இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று ஆறு பத்திகள் போதும். கடைசிப் பத்தியைத்தான் எல்லோரும் "பிறகு நிரப்பிக்கொள்ளலாம்" என்று விடுவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். இரண்டு ஆவணங்கள் ஒன்றோடொன்று மோதும்போது எது எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் மொத்த வேலையையும் திரும்பச் செய்ய வேண்டி வரும்.

1861 முதல் 1865 வரைக்கான நாள்காட்டி ஒன்றும் வேண்டும். சிப்பாய்கள் கடிதத்திலும் நாட்குறிப்பிலும் "போன ஞாயிற்றுக்கிழமை நடந்தோம்" என்று எழுதுவார்களே தவிர தேதி போட மாட்டார்கள். 1863 ஜூலை 2 வியாழக்கிழமை என்று தெரிந்தால்தான் அந்த ஞாயிறு எது என்று பிடிக்க முடியும்.

அமைப்பையும் ஒரு தடவை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு காலாட்படை ரெஜிமெண்டில் வழக்கமாகப் பத்து கம்பெனிகள், ஏ முதல் கே வரை. நடுவில் ஜே கிடையாது. கையெழுத்தில் ஐ எழுத்தோடு குழம்பும் என்று விட்டார்கள் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். எங்காவது "ஜே கம்பெனி" என்று பார்த்தால் அது படித்தவரின் பிழை, ஐ கம்பெனியாகத்தான் இருக்கும். ரெஜிமெண்டுக்குத் தலைமை கர்னல், அவருக்குக் கீழே லெப்டினன்ட் கர்னல், மேஜர். கம்பெனிக்கு ஒரு கேப்டன், இரண்டு லெப்டினன்டுகள். சேரும்போது ஆயிரம் பேர் அளவில் இருக்கும், ஓராண்டில் அதில் பாதிகூட வரிசையில் நிற்காது. ஏன் என்பதை எண்கள் பகுதியில் சொல்கிறேன்.

2. ரெஜிமெண்டின் பெயரை உறுதி செய்யுங்கள்

எளிதாகத் தெரியும் இந்தப் படியில்தான் வாரக்கணக்கில் உழைப்பு வீணாகிறது. எண் மட்டும் போதாது, மாநிலம் வேண்டும், படை வகை வேண்டும், சில சமயம் சேவைக்காலமும் வேண்டும். 20ஆம் மெய்ன் வேறு, 20ஆம் மாசசூசெட்ஸ் வேறு. ஒரே மாநிலத்திலும் 1ஆம் காலாட்படை, 1ஆம் குதிரைப்படை, 1ஆம் கன பீரங்கிப்படை என்று மூன்று "முதலாம்" இருக்கும்.

இதைவிடச் சிக்கல், பெயரே மாறிய ரெஜிமெண்டுகள். 1862 ஆகஸ்டில் 18ஆம் மெய்ன் காலாட்படையாகச் சேர்ந்தவர்கள்தான் பிறகு 1ஆம் மெய்ன் கன பீரங்கிப்படை ஆனார்கள். 1864 ஜூன் 18 அன்று பீட்டர்ஸ்பர்க் முன்னால் ஒரே தாக்குதலில் அறுநூறுக்கும் மேல் இழந்ததும் அவர்கள்தான். 18ஆம் மெய்ன் என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தால் சில மாதங்களில் கதை அறுந்துபோகும், எங்கே போனார்கள் என்றே தெரியாது. புரூக்ளினில் திரட்டப்பட்ட 14ஆம் புரூக்ளினுக்கு அரசுப் பதிவில் 84ஆம் நியூயார்க் என்று பெயர். 1ஆம் தெற்கு கரோலினா என்று தொடங்கிய கறுப்பினச் சிப்பாய்களின் ரெஜிமெண்ட் 1864இல் 33ஆம் அமெரிக்கக் கறுப்பினப் படை ஆனது. கறுப்பினச் சிப்பாய்களின் ரெஜிமெண்டுகளில் 54ஆம் மாசசூசெட்ஸ் போன்ற சில மட்டுமே மாநிலப் பெயரைக் கடைசி வரை வைத்துக்கொண்டன.

அதனால் ஒரு தனித்தாளில் உங்கள் ரெஜிமெண்டின் எல்லாப் பெயர்களையும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மற்ற எல்லாவற்றையும் தேடுங்கள்.

3. இரண்டு முனைகளையும் அடித்து நிறுத்துங்கள்

சேவையில் சேர்ந்த தேதி, சேவையிலிருந்து விடுவிக்கப்பட்ட தேதி. 20ஆம் மெய்ன் 1862 ஆகஸ்ட் 29 அன்று போர்ட்லாண்டில் மூன்றாண்டு சேவைக்குச் சேர்ந்தது, 1865 ஜூலை 16 அன்று விடுவிக்கப்பட்டது. இவை ஆட்களைத் திரட்டத் தொடங்கிய நாளோ ஊர் திரும்பிய நாளோ அல்ல, மத்திய அரசு அதிகாரி ஒருவர் ஆட்களை எண்ணிக் கையெழுத்திட்ட நாட்கள். உள்ளூர்ச் செய்தித்தாள்கள் கூட்டம் கூடிய நாளையும் ரயில் கிளம்பிய நாளையும் சொல்லும். இவை மூன்றையும் கலந்தால் ஆரம்பமே ஆட்டம் காணும்.

4. மேலே போகும் சங்கிலியை வரையுங்கள்

ரெஜிமெண்ட் தனியாக எங்கும் போகாது. நான்கைந்து ரெஜிமெண்டுகள் சேர்ந்தால் பிரிகேடு, சில பிரிகேடுகள் சேர்ந்தால் டிவிஷன், டிவிஷன்கள் சேர்ந்தால் கோர். அரசு ஆவணங்கள் எல்லாம் இந்த அடுக்கின்படிதான் அடுக்கப்பட்டிருக்கின்றன. எந்தத் தேதியில் எந்தப் பிரிகேடு என்று தெரியாமல் உள்ளே போனால், நூறு பக்கம் புரட்டியும் உங்கள் ரெஜிமெண்டின் பெயர் கண்ணில் படாது.

20ஆம் மெய்ன் இதில் அதிர்ஷ்டசாலி. தொடக்கத்திலிருந்து முடிவு வரை பொட்டோமாக் படை என்ற யூனியன் பெரும்படையில் 5ஆம் கோர், 1ஆம் டிவிஷன், 3ஆம் பிரிகேடு. மாறவே இல்லை. கெட்டிஸ்பர்க்கில் பக்கத்தில் நின்றவை 16ஆம் மிச்சிகன், 44ஆம் நியூயார்க், 83ஆம் பென்சில்வேனியா. பிரிகேடுத் தலைவர் ஸ்ட்ராங் வின்சென்ட் அங்கே உயிர்க்காயம் பட்டதும் 44ஆம் நியூயார்க்கின் கர்னல் ரைஸ் பொறுப்பேற்றார். இந்தப் பக்கத்து ரெஜிமெண்டுகளின் பெயர்களைக் கட்டாயம் எழுதி வையுங்கள். உங்கள் ரெஜிமெண்டின் அறிக்கை தொலைந்துபோயிருந்தால், பக்கத்தில் நின்றவர் எழுதியதுதான் கைகொடுக்கும். மேற்கே டென்னசி, மிசிசிப்பி பக்கம் போரிட்ட ரெஜிமெண்டுகளுக்கு இந்தச் சங்கிலி ஓராண்டில் மூன்று நான்கு முறைகூட மாறலாம், அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

5. டையரிலிருந்து எலும்புக்கூட்டை எடுங்கள்

1908இல் ஃபிரெடரிக் டையர் வெளியிட்ட பெருந்தொகுப்பின் மூன்றாம் பகுதியில் எல்லா யூனியன் ரெஜிமெண்டுகளுக்கும் ஒரு பத்தி இருக்கிறது. எங்கே சேர்ந்தது, எந்தப் பிரிகேடு, எந்தத் தேதியில் எந்தச் சண்டை, மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள். காப்புரிமை முடிந்த நூல், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் விரிதாளில் முதலில் இறங்க வேண்டியது இதுதான்.

இறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டையர் கொடுப்பது ரெஜிமெண்ட் இருந்த இடங்களின் பட்டியல். "பீட்டர்ஸ்பர்க் முற்றுகை, 1864 ஜூன் 16 முதல் 1865 ஏப்ரல் 2 வரை" என்றால் ஒன்பதரை மாதம் தினமும் சுட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பொருள் அல்ல. அந்தக் காலத்தின் பெரும்பகுதி பதுங்குகுழி தோண்டுவதும் காவல் நிற்பதும் மழையில் நனைவதும்தான். அதற்குள் சண்டை நடந்த நாட்களைத் தனியே பிரிக்க வேண்டும். வெல்டன் ரயில்பாதை ஆகஸ்டில், பீபிள்ஸ் பண்ணை செப்டம்பர் கடைசியில் என்று.

இடப்பெயர்களும் இங்கே குழப்பும். ஒரே சண்டைக்கு இரண்டு மூன்று பெயர். வடக்கத்தியர் ஆன்டீட்டம் என்பதைத் தெற்கத்தியர் ஷார்ப்ஸ்பர்க் என்பார்கள். பீபிள்ஸ் பண்ணையைப் பாப்லர் ஸ்பிரிங்ஸ் சர்ச் என்றும், வெல்டன் ரயில்பாதையைக் குளோப் டாவர்ன் என்றும் பார்ப்பீர்கள். புதிதாகத் தொகுக்கும் பலர் இவற்றை இரண்டு சண்டைகளாக எழுதிவிடுகிறார்கள். அப்படி ஒருவரின் பட்டியலில் ரெஜிமெண்ட் உண்மையில் போரிட்டதைவிட ஆறு சண்டைகள் கூடுதலாக இருந்தன.

6. "அங்கே இருந்தது" வேறு, "சண்டையிட்டது" வேறு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

20ஆம் மெய்னின் பட்டியலில் 1862 செப்டம்பர் 17, ஆன்டீட்டம் இருக்கிறது. அமெரிக்க வரலாற்றிலேயே ஒரே நாளில் அதிக ரத்தம் சிந்திய சண்டை அது, அதனால் புதியவர்கள் "ரெஜிமெண்டின் முதல் சண்டையே இவ்வளவு கொடூரமானது" என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் 5ஆம் கோர் அன்று பெரும்பாலும் பின்னணியில் நிறுத்தப்பட்டிருந்தது, 20ஆம் மெய்ன் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் மேல் முதல் குண்டுகள் விழுந்தது மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 20 அன்று பொட்டோமாக் ஆற்றின் ஷெப்பர்ட்ஸ்டவுன் துறையில்.

அடுத்தது இன்னும் தெளிவான உதாரணம். 1863 மே மாதத் தொடக்கம், சான்சலர்ஸ்வில். 5ஆம் கோர் போனது, 3ஆம் பிரிகேடு போனது, ஆகவே 20ஆம் மெய்னும் போயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அதற்குக் கொஞ்ச நாள் முன்பு போட்ட கெட்டுப்போன தடுப்பூசியால் ரெஜிமெண்டில் பெரியம்மை பரவி, அவர்களைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிரிகேடு சண்டைக்குப் போனபோது இவர்கள் தந்திக் கம்பிகளுக்குக் காவல் இருந்தார்கள்.

ஆகவே ஒவ்வொரு சண்டைக்கும் நான்கு சொற்களில் ஒன்றைப் போடுங்கள்: போரிட்டது, குண்டு எல்லைக்குள் இருந்தது, பின்னணியில் நின்றது, வரவில்லை. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை, அன்றைய இழப்புப் பட்டியல். பிரிகேடின் மற்ற ரெஜிமெண்டுகளுக்கு நேரே எண்கள் இருந்து உங்கள் ரெஜிமெண்டுக்கு நேரே ஒன்றுமே இல்லை என்றால், அங்கே நின்று ஏன் என்று கேளுங்கள். விடை பெரும்பாலும் சுவாரஸ்யமாகவே இருக்கும்.

இந்தப் பிரிவினை கம்பெனி அளவிலும் வேண்டும். கெட்டிஸ்பர்க்கில் 20ஆம் மெய்னின் பி கம்பெனி, கேப்டன் வால்டர் மோரில் தலைமையில் இடது பக்கத்தைக் காக்க முன்னே அனுப்பப்பட்டு, வரிசையிலிருந்து பிரிந்து ஒரு கற்சுவருக்குப் பின்னால் இருந்தது. வரிசையில் நின்றவர்களுக்கு அவர்கள் என்ன ஆனார்கள் என்றே தெரியாது. ரெஜிமெண்ட் செய்தது என்று நீங்கள் எழுதும் ஒவ்வொன்றும் பத்து கம்பெனிகளும் சேர்ந்து செய்தது ஆகாது.

7. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பதிவுகள்

எலும்புக்கூடு தயாரானதும் சதை வைப்பது இங்கேதான். பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கடைசி நாளில் ஒவ்வொரு கம்பெனியும் ஆட்களை எண்ணி மஸ்டர் ரோல் எழுத வேண்டும். நம் ஊரில் அரசுக் கூலி வேலைகளில் புழங்கும் அதே சொல்தான், வேலையும் ஏறக்குறைய அதேதான்: யார் வந்தார்கள், யாருக்குச் சம்பளம். அந்தத் தாளில் "நிகழ்வுகளின் பதிவு" என்று ஒரு கட்டம் உண்டு. அந்த இரண்டு மாதம் எங்கே நடந்தோம், எங்கே முகாமிட்டோம் என்று கம்பெனி அதிகாரி எழுதுவார்.

இவற்றைப் பிற்காலத்தில் அட்டைகளில் நகலெடுத்துத் தொகுத்தார்கள். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் எம்594 என்ற நுண்படத் தொகுப்பாக இருக்கிறது, 225 சுருள்கள், மாநில வாரியாக. சில கேப்டன்கள் பத்து வரி எழுதுவார்கள், சிலர் "ரெஜிமெண்டோடு இருந்தோம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதனால் ஒரு கம்பெனியை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள், பத்தையும் பாருங்கள். டி கம்பெனி சொல்லாத முகாமை எஃப் கம்பெனி சொல்லியிருக்கும்.

இங்கே ஒரு பொறி. மஸ்டர் நாளில் "வந்திருக்கிறார்" என்ற குறி அந்த ஒரு நாளுக்கானது. ஜூன் 30 அன்று வந்திருந்தவர் ஜூலை 2 அன்றும் வரிசையில் நின்றார் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. சமையல், வண்டி, மருத்துவமனை என்று எங்காவது அனுப்பப்பட்டிருக்கலாம்.

8. அரசின் அதிகாரப்பூர்வ ஆவணத் தொகுப்பைப் படிப்பது

போர் ஆவணங்களை அமெரிக்க அரசே 128 புத்தகங்களாக அச்சிட்டது, 1901இல் முடித்தது. நான்கு வரிசைகள். உங்களுக்கு முக்கியம் முதல் வரிசை, அதில்தான் படை நடவடிக்கைகள். இரண்டாவது போர்க்கைதிகள், மூன்றாவது யூனியன் நிர்வாகம், நான்காவது தெற்கத்திய நிர்வாகம்.

பலரும் ரெஜிமெண்ட் பெயரைத் தேடுபெட்டியில் போட்டு, வரும் பக்கங்களை மட்டும் படிக்கிறார்கள். அப்படிச் செய்தால் பாதி தவறிப்போகும், ஏனென்றால் மேலதிகாரிகள் ரெஜிமெண்டின் எண்ணைச் சொல்லாமல் "வின்சென்டின் பிரிகேடு" என்றே எழுதுவார்கள். சரியான வரிசை இது. முதலில் எந்தத் தொகுதியில் அந்தப் படையெடுப்பு இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். கெட்டிஸ்பர்க் என்றால் முதல் வரிசையின் 27ஆம் தொகுதி, மூன்று பகுதிகள். அடுத்து அங்கே படை அமைப்புப் பட்டியலைப் பார்த்து உங்கள் பிரிகேடு அன்று யார் தலைமையில் இருந்தது என்று குறியுங்கள். பிறகு இழப்புப் பட்டியல். அதற்கும் பிறகுதான் அறிக்கைகள்: கோர், டிவிஷன், பிரிகேடு, கடைசியில் ரெஜிமெண்ட். மேலிருந்து கீழே வந்தால் எங்கே நின்றார்கள் என்பது முதலில் புரியும். கீழிருந்து தொடங்கினால் ஒரு கர்னலின் கண்ணில் பட்டது மட்டுமே முழுச் சண்டை என்று நம்பிவிடுவீர்கள்.

கடிதப் போக்குவரத்துப் பகுதியையும் விடாதீர்கள். 27ஆம் தொகுதியில் அது மூன்றாம் பகுதி. "இன்ன நேரத்துக்கு இன்ன சாலையில் புறப்படு" என்ற உத்தரவுகள் அங்கேதான் இருக்கும், உங்கள் விரிதாளின் காலி நாட்கள் நிறையவே நிரம்பும். ஆனால் உத்தரவு போட்டதும் நடந்ததும் ஒன்றல்ல. "காலை 4 மணிக்குப் புறப்படு" என்ற தாளை வைத்துக்கொண்டு 4 மணிக்குப் புறப்பட்டார்கள் என்று எழுதாதீர்கள்.

இன்னொன்று, ஆளைத் தொடராதீர்கள், ரெஜிமெண்டைத் தொடருங்கள். 20ஆம் மெய்னின் கர்னல் ஜோஷுவா சேம்பர்லின் 1864 ஜூன் 18 அன்று பீட்டர்ஸ்பர்க்கில் படுகாயமடைந்தார். அன்று அவர் தலைமை தாங்கியது அதே டிவிஷனின் 1ஆம் பிரிகேடு, 20ஆம் மெய்ன் இருந்ததோ 3ஆம் பிரிகேடில். அவருடைய காயத்தை ரெஜிமெண்டின் வரலாற்றுக்குள் எழுதிய தொகுப்பை நானே திருத்தியிருக்கிறேன். தொடக்கத்தில் கர்னலாக இருந்த அடெல்பர்ட் ஏம்ஸுக்கும் இதே சிக்கல் வரும். 1863 மே மாதம் பிரிகேடியர் ஜெனரலான பிறகு அவருடைய கதை வேறு, ரெஜிமெண்டின் கதை வேறு.

9. எண்கள்: இங்கே அவசரப்படாதீர்கள்

கெட்டிஸ்பர்க்கில் 20ஆம் மெய்ன் எத்தனை பேரை இழந்தது? மூன்று ஆவணங்கள், மூன்று விடைகள்.

அரசின் இழப்புப் பட்டியலில் இறந்தவர் 29, காயம்பட்டவர் 91, காணாமல்போனவர் 5, மொத்தம் 125. சேம்பர்லினின் அறிக்கையில், தெரிந்த வரையில் 136, அதில் 30 பேர் இறந்தவர்கள். குன்றில் இன்றும் நிற்கும் ரெஜிமெண்டின் நினைவுக்கல்லில் இறந்தவரும் உயிர்க்காயம் பட்டவரும் 38, காயம்பட்டவர் 93.

இதைப் பார்த்ததும் "யாரோ பொய் சொல்கிறார்கள்" என்று முடிவு கட்ட வேண்டாம். ஒவ்வொன்றும் வேறு நாளில் வேறு கேள்விக்குச் சொன்ன விடை. சண்டை முடிந்து சில நாட்களில் எழுதும் அறிக்கை "தெரிந்த வரையில்" என்றுதான் சொல்ல முடியும், காணாமல்போன சிலர் அதற்குப் பிறகு திரும்பி வருவார்கள். இழப்புப் பட்டியலில் காயம்பட்டவர் என்று எண்ணப்பட்டவர் இரண்டு வாரம் கழித்து மருத்துவமனையில் இறந்திருப்பார், பட்டியல் மாறாது. பல ஆண்டு கழித்துச் செதுக்கிய கல் அவரையும் இறந்தவரோடு சேர்க்கும். 29 எப்படி 38 ஆனது என்பதற்குப் பெரும்பகுதி விடை இங்கேதான்.

போரிட்டவர் எண்ணிக்கையிலும் இதே கதை. அறிக்கை மொத்தம் 386 பேர், அதில் துப்பாக்கி ஏந்தியவர் 358 என்கிறது. கல் 358 என்று மட்டும் சொல்கிறது. விழுக்காடு கணக்கிடும்போது மேலே 386க்கான இழப்பையும் கீழே 358ஐயும் போட்டால் இழப்பு பெரிதாகத் தெரியும். 1ஆம் மினசோட்டாவைப் பற்றி எழுதுபவர்கள் அடிக்கடி விழும் குழி இது. ஜூலை 2 மாலை பாய்ந்த 262 பேரில் 215 பேர் விழுந்தார்கள் என்ற எண்ணும், கெட்டிஸ்பர்க் முழுவதற்கும் அரசுப் பட்டியல் தரும் 224 என்ற எண்ணும் வெவ்வேறு அளவுகள். 262ஐக் கீழே வைத்து 224ஐ மேலே வைக்கக் கூடாது.

எனவே ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இதை எழுதுங்கள்: யார் எண்ணியது, எப்போது எண்ணியது, அதிகாரிகள் சேர்த்தா, உயிர்க்காயம் எந்தப் பக்கம். மூன்று எண்களையும் வையுங்கள். சராசரி எடுக்கவே எடுக்காதீர்கள், யாருமே எண்ணாத ஒரு நான்காவது எண்தான் வரும்.

நோய். இதை யாரும் எழுத விரும்புவதில்லை. டையரின் கணக்குப்படி 20ஆம் மெய்ன் சண்டையில் இழந்தது 9 அதிகாரிகள், 138 சிப்பாய்கள். நோயில் இழந்தது 1 அதிகாரி, 145 சிப்பாய்கள். மொத்தம் 293. அதாவது குண்டு கொன்றவர்களும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அம்மை கொன்றவர்களும் ஏறக்குறைய சரிபாதி. 20ஆம் மெய்ன் அளவுக்குச் சண்டை பார்த்த ரெஜிமெண்டிலேயே இப்படி என்றால், பல ரெஜிமெண்டுகளில் நோய் இரண்டு மடங்கு கொன்றிருக்கிறது. வரிசை ஏன் மெலிந்தது என்ற கேள்விக்கு விடை சண்டைப் பட்டியலில் இல்லை. 1862–63 குளிர்கால முகாமில் இருக்கிறது. அந்த மாதங்களுக்கு உங்கள் விரிதாளில் வரிகள் இல்லை என்றால் திரும்பிப் போய்த் தேடுங்கள். அந்த 145 பேரும் இந்த ரெஜிமெண்டின் ஆட்கள்தானே.

10. ஆட்களிடம் போவது

இதை இவ்வளவு பின்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. ரெஜிமெண்டின் நாள் கணக்கு கையில் இல்லாமல் தனிமனிதக் கோப்பைத் திறந்தால் அதில் இருக்கும் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு சேவைப் பதிவு தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மஸ்டர் ரோல், மருத்துவமனைப் பதிவு எல்லாவற்றிலிருந்தும் அவருடைய வரிகளை அட்டைகளில் எடுத்துத் தொகுத்தது. அடுத்தது ஓய்வூதியக் கோப்பு. மனிதர்கள் உயிரோடு வருவது அதில்தான். விதவை திருமணத்தை நிரூபிக்க வேண்டும், காயம்பட்டவர் எந்த நாளில் எந்த இடத்தில் என்று சொல்ல வேண்டும், கூட இருந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். இந்தக் கோப்புகளுக்கு இரண்டு அட்டவணைகள்: பெயர் வரிசையில் டி288, ரெஜிமெண்ட், கம்பெனி வரிசையில் டி289. ஒரு கம்பெனியை முழுதாகப் பார்க்க வேண்டும் என்றால் டி289தான் உங்களுக்கு.

பெயர் எழுத்துகள் ஒரே ஆளுக்கு மூன்று விதமாக இருக்கும். இணையப் பெயர்த் தொகுப்புகள் இந்த மூன்றையும் மூன்று பதிவாகக் காட்டும், அதை அப்படியே எண்ணி "மொத்தம் இத்தனை பேர் சேவை செய்தார்கள்" என்று எழுதாதீர்கள்.

"ஓடிப்போனார்" என்ற குறியையும் பார்த்த மாத்திரத்தில் நம்ப வேண்டாம். அணிவகுப்பில் பின்தங்கி வேறு மருத்துவமனையில் படுத்திருந்தவருக்கும் கம்பெனி எழுத்தர் அதையே போட்டிருப்பார். அந்தக் குறியை நீக்கச் சொல்லிப் போருக்குப் பின் ஆண்டுக்கணக்கில் மனுப் போட்டவர்கள் உண்டு. உயிரோடில்லாத ஒருவரின் பெயருக்கு நேரே அந்தச் சொல்லை எழுதும் முன் கோப்பின் கடைசித் தாள் வரை புரட்டிப் பாருங்கள்.

வேறு ரெஜிமெண்டிலிருந்து மாற்றி வந்தவர்களைத் தனியாக வையுங்கள். 1863 மே மாதம் 2ஆம் மெய்னின் இரண்டாண்டுக்காரர்கள் வீடு திரும்ப, மூன்றாண்டுத் தாளில் கையெழுத்திட்டிருந்த சுமார் 120 பேர் கோபத்தோடும் காவலோடும் 20ஆம் மெய்னுக்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டே மாதத்தில் அவர்களில் மிகப் பெரும்பாலோர் லிட்டில் ரவுண்ட் டாப்பில் வரிசையில் நின்றார்கள். அவர்களின் பழைய சண்டைகள் 20ஆம் மெய்னின் சண்டைகள் அல்ல, ஆனால் அந்த அனுபவம் அன்று அந்த வரிசையில் இருந்தது. இரண்டையும் சொல்ல வேண்டும்.

11. சாட்சிகள் மோதும்போது

லிட்டில் ரவுண்ட் டாப்பில் துப்பாக்கிமுனை ஈட்டியோடு பாய்ந்தது எப்படித் தொடங்கியது? தான் உத்தரவு போட்டதாகச் சேம்பர்லின் எழுதினார். இடது பக்கம் பொறுப்பில் இருந்த எல்லிஸ் ஸ்பியர், தனக்கு அப்படி ஓர் உத்தரவு வரவே இல்லை, கொடி முன்னே போவதைப் பார்த்து நகர்ந்தோம் என்கிறார். எதிரே இருந்த 15ஆம் அலபாமாவின் வில்லியம் ஓட்ஸ், பாய்ச்சலுக்கு முன்பே தான் பின்வாங்கச் சொல்லியிருந்ததாக எழுதினார்.

புதியவர்கள் தங்களுக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடுத்து மற்ற இருவரையும் விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பதில் மூன்று கேள்வி கேளுங்கள். எப்போது எழுதினார்? எங்கே நின்றார்? எதற்காக எழுதினார்? புகையிலும் இரைச்சலிலும் வளைந்த வரிசையின் ஒரு முனையில் போட்ட உத்தரவு மறுமுனைக்குக் கேட்காமல் போவது இயல்பு, ஆகவே சேம்பர்லினும் ஸ்பியரும் சொல்வது ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். மூவரின் கூற்றையும் அவரவர் பெயரில், அவரவர் எழுதிய காலத்தோடு வைத்துவிட்டு, மூன்றும் ஒத்துப்போவதை மட்டும் உங்கள் சொந்த வாக்கியமாக எழுதுங்கள்.

12. எழுதத் தொடங்கும்போது

விரிதாளை மேலிருந்து கீழே ஒருமுறை படித்துக் காலி நாட்களுக்கு நிறம் போடுங்கள். காலியாக இருக்கும் நாளைக் காலியாகவே விடுங்கள், முந்தின வரியையும் பிந்தின வரியையும் வைத்து ஊகித்து நிரப்பாதீர்கள். நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால் "முகாம் மாறியதாகப் பதிவு இல்லை" என்று எழுதுங்கள், அதுவே ஒரு தகவல்தான்.

எழுதும்போது காலவரிசையை உடைக்காதீர்கள். சண்டைகளுக்கு நீளம் கூடும், பரவாயில்லை, ஆனால் இரண்டு சண்டைகளுக்கு நடுவில் இருக்கும் மாதங்களுக்கும் ஒரு பத்தியாவது கொடுங்கள்.

கடைசிச் சரிபார்ப்பு, விடுவிப்புப் பட்டியல். 20ஆம் மெய்னில் பழைய ஆட்கள் 1865 ஜூன் 4 அன்றே விடுவிக்கப்பட்டார்கள். அதன் பிறகு கலைந்துபோன 16ஆம் மெய்னில் சேவைக்காலம் மீதமிருந்தவர்களும், மெய்னின் குறிபார்த்துச் சுடும் பட்டாலியன்காரர்களும் இதில் சேர்க்கப்பட்டு, எல்லோருமாக ஜூலை 16 அன்று வெளியே வந்தார்கள். அந்தக் கடைசிப் பட்டியலில் ஒருவரின் பெயர் இருக்கிறது என்பதற்காக அவரை லிட்டில் ரவுண்ட் டாப்பில் நிறுத்திவிடாதீர்கள், அவர் எந்த நாளில் இந்த ரெஜிமெண்டுக்குள் வந்தார் என்று சேவைப் பதிவின் முதல் அட்டையில் பாருங்கள்.